வெள்ளி பிடிக்காத நான்கு மில்லிமீட்டர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, தலைக்கவசத்தின் பின்பக்கத்தில் இருக்கும் ‘லாம்’ என்ற அரபு எழுத்தின் மேல் பதித்த வெள்ளிக் கம்பியை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. பித்தளை ஊசியால் நெம்பினேன், அப்போதும் அசையவில்லை. அதே இடத்தில் அதற்கு முன் ஐந்து முறை வெள்ளி உரிந்து வந்திருந்ததால், பதினொரு வார வேலையின் கணக்கை இனி எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நான் செய்ய முயன்றது, பதினைந்தாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் மேற்கு ஈரானிலும் அதை ஒட்டிய காக்கேசிய, அனத்தோலியப் பகுதிகளிலும் படைவீரர்கள் அணிந்த, முண்டாசு போல் பருத்த எஃகுத் தலைக்கவசம். தப்ரீஸைத் தலைநகராகக் கொண்ட, ‘அக் கொயுன்லு’ என்ற துருக்மானிய மரபினரும் ஷிர்வான் அரசர்களும் ஆண்ட காலம் அது. பஞ்சு வைத்துத் தைத்த குல்லாயின் மேலோ சுற்றிய துணியின் மேலோ அணிய வேண்டியிருந்ததால், அது தலையைவிட மிகப் பெரிதாக இருக்கும். நடுவில் பூசணிக்காயின் வரிகளைப் போல மேடும் பள்ளமுமாக ஓடும் வரிகள், மேலே குறுகிக் கூராக முடியும் கழுத்து, கீழே கண்களுக்காக வெட்டிய இரண்டு வளைவுகள், விளிம்பைச் சுற்றிலும் துளையிட்ட சிறு குமிழ்கள் ஆகியவை அதன் உறுப்புகள். அந்தக் குமிழ்களில் இருந்து தொங்கும் இரும்பு வளையத் திரை கண்களைத் தவிர முகம் முழுவதையும் மூடும். வரிகளுக்குக் கீழேயும் மேலேயும் வெள்ளியில் எழுத்துகளும் கொடிகளும் இருக்கும். இன்று நாம் காணும் இத்தகைய கவசங்களில் பல, இஸ்தான்புல்லில் ஓட்டோமான் அரசின் ஆயுதக் கிடங்காக இருந்த ஹாகியா ஐரீன் தேவாலயத்திலிருந்து வந்தவை. 1473இல் ஒட்லுக்பேலிப் போரில் அக் கொயுன்லு அரசர் உசுன் ஹசனும் 1514இல் சால்திரான் போரில் ஈரானின் சஃபாவிய அரசர் ஷா இஸ்மாயிலும் ஓட்டோமானியரிடம் தோற்றதை நினைத்தால், அவை அங்கே போய்ச் சேர்ந்த வழியை ஊகிக்கலாம். கிடங்கின் முத்திரையான, ஓட்டோமானியர் தம் முன்னோர் குலமாகக் கருதிய கயி குலத்தின் குறியை, கீழே இருக்கும் அலங்காரத்தைப் பொருட்படுத்தாமல் அவற்றின் மேல் அடித்திருக்கிறார்கள். படங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்து வைத்திருக்கும் உயர்தரப் படங்கள்தாம் எனக்கு வழிகாட்டி. எந்த ஒரு கவசத்தையும் அச்சு அசலாக நகல் எடுக்க நான் முயலவில்லை. வடிவ விகிதத்தையும் செய்முறையையும் மட்டும் பின்பற்றினேன். என் தலைச் சுற்றளவு 58 செ.மீ. பஞ்சுக் குல்லாயுடன் சேர்த்து விளிம்பின் சுற்றளவை 69 செ.மீ. என்றும், பருத்த இடத்தில் 76 செ.மீ. என்றும், கழுத்து தொடங்கும் இடத்தில் 30 செ.மீ. என்றும், மொத்த உயரத்தை 30 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டேன்.

மூலக் கவசங்களின் கிண்ணம் ஒரே தகட்டை அடித்து எழுப்பியது. நானும் அப்படியே தொடங்கினேன். 1.6 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்புத் தகட்டில் 48 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்டி, மணல் மூட்டையின் மேல் வைத்து உருண்டை முகச் சுத்தியலால் நடுப்பகுதியைக் குழித்தேன். தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. குழிக்கும்போது தகடு நீள்கிறது, நீளும் இடத்தில் மெலிகிறது. விளிம்பைச் சுருக்கி உயரத்தைப் பெற வேண்டிய இடத்தில், நான் நடுவை நீட்டியே உயரத்தைப் பெற்றுக்கொண்டிருந்தேன். நான்காவது வார இறுதியில் உச்சியில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. அந்த இடத்தை அறுத்து காலிப்பரில் அளந்தபோது தடிமன் 0.7 மி.மீ. இருந்தது, அதாவது பாதிக்கும் குறைவு. கூரான கழுத்தை எழுப்பவே அங்கே அதிக உலோகம் தேவைப்படும் என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்திருந்தால் அந்த நான்கு வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது முயற்சியில் வலது பாதி, இடது பாதி என்று தனித்தனியாக அடித்து, நெற்றி நடுவிலிருந்து உச்சி வழியாகப் பிடரி வரை பற்றவைத்து இணைத்தேன். இன்று இத்தகைய வடிவங்களைச் செய்யும் பலர் கையாளும் வழி இது. ஆனால் அக்கால முறை அன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாதியையும் ஒன்பது முறை காய்ச்சி ஆறவைத்தேன். பட்டறையின் கதவைச் சாத்தி இருட்டாக்கி, தகடு மங்கிய செந்நிறம் காட்டியதும் தீயை நிறுத்தி, சாம்பலில் புதைத்து ஆறவிடுவேன். வெயிலில் வைத்துக் காய்ச்சிய ஒரு முறை நிறம் தெரியாமல் அதிகம் சூடேற்றிவிட்டேன். அந்தப் பாதியின் ஒரு மூலை கருகிச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஆறிய தகட்டில் படியும் கறுப்புச் செதிலை நீக்க, இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்துக் காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும்.

இணைப்பை, மின்பொறியில் உருகும் நிரப்புக் கம்பியால் ஒட்டும் டிக் வெல்டிங்கில் செய்து தருமாறு ஒரு பட்டறையில் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் வேகமாக ஆற வேண்டும் என்று ஈரத்துணியைப் போட்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது அது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அடுத்தது வரிகள். 24 வரிகள் என்று முடிவு செய்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் 15 பாகையாக இருப்பதால் கவராயத்தால் எளிதில் பிரிக்கலாம் என்பதுதான். பருத்த இடத்தில் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ 32 மி.மீ. அகலம், கழுத்தருகே 12.5 மி.மீ. சில மூலங்களில் வரிகள் முறுக்கிக்கொண்டு சாய்வாக ஓடும். அவை மிக அழகானவை என்றாலும் முதல் முயற்சிக்கு நேர்வரிகளே போதும் என்று விட்டுவிட்டேன். செம்புப் பாத்திரங்களில் புடைப்பு வேலை செய்பவர்களைப் போல உள்ளே குங்கிலியம், செங்கல் தூள், எண்ணெய் மூன்றையும் காய்ச்சி ஊற்றி, வெளியிலிருந்து மழுங்கிய உளியால் பள்ளங்களை அடிக்கலாம் என்று நினைத்தேன். முழுக் கிண்ணத்தையும் நிரப்பப் பன்னிரண்டு கிலோ வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பினேன். செம்பின் மென்மைக்குப் பொருந்தும் அந்தக் கலவை, 1.6 மி.மீ. இரும்பை அடிக்கும் அடியில் மூன்றாவது வரியிலேயே தூளாக உடைந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் முழுவதும் போயிற்று.

பிறகு செய்ததுதான் சரியாக வந்தது. பழைய லாரி ஆக்ஸில் துண்டு ஒன்றை வாங்கி, அதன் முனையை மாட்டுக் கொம்பு போல் வளைத்து, வளைவின் முதுகில் 10 மி.மீ. அகலமுள்ள உருண்டையான வரப்பு ஒன்றைத் தேய்த்து எடுத்தேன். இதை வைஸில் பிடித்து, கவசத்தை அதன் மேல் கவிழ்த்தால், உள்ளிருந்து அந்த வரப்பு ஒரு வரியின் மேட்டைத் தாங்கும். வெளியிலிருந்து அதன் இருபுறமும் பள்ளத்தை மெல்லிய முகமுள்ள சுத்தியலால் அடித்து இறக்கலாம். ஒரு வரியை ஒரேயடியாக முடிக்கக் கூடாது. எல்லா வரிகளையும் ஒரு மில்லிமீட்டர் ஆழம் அடித்து, சுற்றி வந்து, மீண்டும் ஒரு மில்லிமீட்டர் என்று நான்கு சுற்றுகளில் 4 மி.மீ. ஆழத்துக்கு வந்தேன். இரண்டாம் சுற்று முடிந்தபோது ஒரு மாற்றத்தைக் கைகளாலேயே உணர்ந்தேன். அதற்கு முன் இரு உள்ளங்கைகளாலும் அழுத்தினால் சற்றே அமுங்கிய கிண்ணம், அதன் பிறகு அமுங்கவே இல்லை. விரலால் தட்டினால் எழும் ஒலியும் தகரத்தின் ஒலியிலிருந்து மணியின் ஒலிக்கு மாறியிருந்தது. வரிகள் அழகுக்காக மட்டும் இடப்பட்டவை அல்ல என்பது தெரிந்த செய்திதான். ஆனால் அதைக் கையால் உணர்ந்த அந்தப் பிற்பகல் எனக்கு மிகவும் பெரிது.

கண் வளைவுகள், மூக்குத்தகடு ஏறி இறங்கும் சட்டம், 22 குமிழ்கள் ஆகியவற்றில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அரத்தாலும் 2.5 மி.மீ. துளைப்பானாலும் இரண்டு வார இறுதிகளில் முடிந்தன. 80, 180, 320, 600 என்று உப்புத்தாளை மாற்றித் தேய்த்த பின் எடை, எல்லாம் சேர்த்து 1 கிலோ 840 கிராம்.

எழுத்துப் பட்டைக்கு, இஸ்லாமிய உலோகப் பொருட்களில் பரவலாகக் காணப்படும் வாழ்த்துச் சொற்களைத் தேர்ந்தேன்: “அல்-இஸ்ஸுத் தாயிமு வல்-இக்பால்”, அதாவது நிலைத்த பெருமையும் நற்பேறும். அரபு எழுத்தணி கற்ற நண்பர் ஒருவர் காகிதப் பட்டையில் எழுதிக் கொடுத்தார். ‘அலிப்’, ‘லாம்’ இரண்டும் சேர்ந்து பத்து நிமிர்ந்த கோடுகள் வரும் இந்தத் தொடர், இரண்டு முறை சுற்றி வரும்போது இருபது ஈட்டிகள் வரிசையில் நிற்பதைப் போன்ற தோற்றம் தரும். ஆனால் நேரான காகிதப் பட்டையைக் கவசத்தில் சுற்றியபோது மேல் விளிம்பு பொருந்தவில்லை. கீழ் விளிம்பைப் பொருத்தினால் மேலே மூன்று சென்டிமீட்டர் பற்றாமல் போயிற்று. பட்டையின் கீழ்ச் சுற்று 690 மி.மீ., மேல் சுற்று 720 மி.மீ., அகலம் 45 மி.மீ. என்பதால் அதை விரித்தால் நேர்பட்டையாக வராது, வில்லாகத்தான் வரும். அகலத்தை மேல் சுற்றால் பெருக்கி, இரு சுற்றுகளின் வேறுபாட்டால் வகுத்தால் பெரிய வில்லின் ஆரம் 1,080 மி.மீ.; சிறியது 1,035 மி.மீ. தரையில் ஆணி அடித்து நூல் கட்டி இரண்டு விற்களையும் வரைந்து, நண்பரிடம் மீண்டும் எழுதி வாங்கினேன். நிமிர்ந்த கோடுகள் எல்லாம் அந்த ஆணியிலிருந்து வெளியே விரியும் திசையில் அமைந்ததால், கவசத்தில் ஒட்டியபோது ஒன்றுகூடச் சாயவில்லை.

இனி வெள்ளி. ஈரானில் பொன்னை இவ்வாறு அடித்துப் பதிப்பதைத் தெலாகூபி என்றும் வெள்ளியைப் பதிப்பதை நொக்ரேகூபி என்றும் சொல்வார்கள். இரும்பின் மேல் எழுத்து வர வேண்டிய இடத்தில் மிக நுண்ணிய குறுக்குக் கீறல்களை மூன்று திசைகளில் கீறுவது முதல் வேலை. ஒவ்வொரு கீறலும் ஒரு பக்கம் மயிரளவு பிசிறை எழுப்பும். அந்தப் பிசிறுகள் பல்லாக நின்று, மேலே வைத்து அடிக்கும் வெள்ளிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, பற்றாசும் இல்லை. உடைந்த ஹேக்சா பிளேடைத் தீட்டிக் கீறுவதற்கான கத்தி செய்துகொண்டேன்.

30 கிராம் சுத்த வெள்ளியை எனக்குத் தெரிந்த பொற்கொல்லர் கம்பியச்சில் 0.3 மி.மீ. வரை இழுத்துக் கொடுத்தார்; ஏறத்தாழ 40 மீட்டர் வந்தது. எழுத்துக் கோட்டின் அகலம் 3 மி.மீ.; அடிபட்டுத் தட்டையாகும் கம்பி ஏழு இழைகளாக அடுத்தடுத்துப் படுத்தால் அது நிரம்பும். முதல் எழுத்தில் கம்பி வைத்த உடனே துள்ளி எழுந்தது. மறுநாள் அது மொத்தமாக நாடா போல் உரிந்தது. கம்பி விறைப்பாக இருக்கிறது என்று பொற்கொல்லரிடம் எடுத்துப் போனேன். அவர் கம்பியைத் தளர்வாகச் சுருட்டி, லேசாகக் காய்ச்சி மென்மையாக்கிக் கொடுத்தார். பிறகு நான் கொண்டு போயிருந்த மாதிரித் தகட்டின் கீறல் பரப்பைக் கட்டை விரலால் தடவிவிட்டு, “தம்பி, வெள்ளியைக் குறை சொல்லாதீங்க. முதல்ல இரும்புல பல்லு இருக்கான்னு பாருங்க” என்றார், ஒரு துளி பஞ்சை எடுத்து அதன் மேல் இழுத்தார். ஓர் இழைகூட அதில் சிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அளவுகோல் அந்தப் பஞ்சுதான். என் கீறல்கள் மில்லிமீட்டருக்கு இரண்டு அல்லது மூன்றுதான் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஐந்தாக்கினேன். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்தால் பள்ளம் மட்டும் விழும், பிசிறு எழாது. ஒரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஐம்பது கீறலுக்கு ஒரு முறை கத்தியைத் தீட்ட வேண்டும். சரியாகக் கீறிய பரப்பைத் தடவினால் பூனையின் நாக்கைப் போல் இருக்கும். பஞ்சை இழுத்தால் வெண்மையாகப் படர்ந்து நிற்கும். மழைக்காலமாக இருந்ததால் கீறிய இடம் துருப்பிடிக்கும் என்று அஞ்சி ஒரு நாள் இரவு மெஷின் எண்ணெய் தடவி வைத்தேன். துருப்பிடிக்கவில்லை, வெள்ளியும் பிடிக்கவில்லை. எவ்வளவு துடைத்தாலும் கீறலுக்குள் இருக்கும் எண்ணெய் போகாது. அந்த இரண்டு சொற்களின் பரப்பையும் மறுபடி தேய்த்துக் கீறினேன். அதன் பின், ஒரு நாளில் வெள்ளி வைத்து முடிக்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு விரற்கடைகூடக் கீறி வைப்பதில்லை.

இந்த ஒழுங்குக்கு வந்த பின் வேலை ஓடியது. கம்பியின் நுனியைக் கூர்மழுங்கிய உளியால் தட்டிப் பதித்து, எழுத்தின் ஓரத்தோடு படுக்க வைத்து, முனையில் வெட்டி, அடுத்த இழையை அதற்கு ஒட்டி வைப்பேன். ஒரு ‘அலிப்’ முடிய ஐம்பது நிமிடம். எல்லா இழைகளும் படுத்த பின் சிறு சுத்தியலால் மென்மையாக அடித்து, கவசத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சற்றே சூடாக்கி, அகேட் மெருகுக்கல்லால் அழுத்தித் தேய்த்தால், தனித்தனி இழைகளின் வரிகள் மறைந்து ஒரே வெள்ளிப் பரப்பாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியின் மகிழ்ச்சி எனக்குக் குறையவில்லை. கொடிகளையும் ஓரக்கோடுகளையும் சேர்த்து 26 மீட்டர் கம்பி செலவாயிற்று.

பிடரியில் மட்டும் பிடிக்கவில்லை. அங்கே ‘இக்பால்’ என்ற சொல்லின் இறுதி ‘லாம்’ எழுத்தின் குறுக்கே வெல்டிங் கோடு போகிறது. நன்றாக மெருகிட்ட இரும்பில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, கத்திக்குத் தெரிந்தது. இருபுறமும் சரசரவென்று கீறிக்கொண்டு வரும் முனை, நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒலியே மாறிக் கண்ணாடியின் மேல் போவதைப் போல வழுக்கிச் சென்றது. நிரப்புக் கம்பியில் தகட்டைவிட மாங்கனீசும் சிலிக்கானும் அதிகம். அதோடு ஈரத்துணி போட்டு வேகமாக ஆறவைத்ததும் சேர்ந்து அந்த இடத்தை இறுக்கியிருக்கிறது. நெற்றியில் அதே கோட்டை மூக்குத்தகட்டின் சட்டம் மறைத்துவிட்டதால் தப்பித்தேன். பிடரியில் ஐந்து முறை கீறி, ஐந்து முறை வெள்ளி வைத்து, ஐந்து முறையும் அந்த நான்கு மில்லிமீட்டரில் உரிந்தது. கோட்டை மட்டும் தீயால் செந்நிறத்துக்குக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவைத்தபோது சற்று மென்மையானது, ஆனால் போதவில்லை.

கடைசியில் கை கொடுத்தது வேறொரு பழைய முறை. கீறல் பரப்பை விட்டுவிட்டு, கூர் வெட்டு உளியால் எழுத்தின் வடிவிலேயே 0.5 மி.மீ. ஆழத்துக்கு ஏழு சிறு கால்வாய்களை அந்த இடத்தில் வெட்டி, ஒவ்வொன்றின் அடியையும் வாயைவிடச் சற்று அகலமாகக் குடைந்தேன். 0.4 மி.மீ. கம்பியை அதற்கென இழுத்து வாங்கி, கால்வாயில் வைத்து அடித்தபோது, வெள்ளி உள்ளே விரிந்து பூட்டிக்கொண்டது. ஓர் எழுத்தின் நான்கு மில்லிமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. மேலே மெருகிட்ட பின், இருபுறமும் உள்ள பதிப்பு வெள்ளிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் மெல்லிய தையல் போல் ஒரு நிழல் தெரிகிறது.

பின்னணியை இருட்டாக்குவதற்காகக் கவசம் முழுவதையும் மெதுவாகச் சூடேற்றினேன். இரும்பு முதலில் வைக்கோல் நிறமும், பிறகு செம்பழுப்பும், ஊதாவும், 300 பாகை செல்சியஸை நெருங்கும்போது கருநீலமும் காட்டும். வெள்ளி தன் நிறத்திலேயே நிற்கும். வரிகளின் மேடுகள் பள்ளங்களுக்கு முன்பே சூடேறியதால் நீலம் சீராக வரவில்லை. முதல் முறை வந்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு, அடுத்த முறை மணல் நிரப்பிய இரும்புத் தொட்டியில் கவிழ்த்து வைத்துச் சூடாக்கினேன், ஓரளவு சீரானது. இறுதியாகத் தேன்மெழுகை மெல்லியதாகப் பூசினேன்.

செலவு: வீணான முதல் தகடு 395 ரூபாய், இரண்டாவது தகடு 790, வெல்டிங் 600, குங்கிலியக் கலவை 1,800, ஆக்ஸில் துண்டும் அதை வளைத்த கூலியும் 900, வெள்ளியும் கம்பி இழுத்த கூலியும் 3,600, எரிவாயு, உப்புத்தாள், பிளேடு முதலியவை 1,450. மொத்தம் 9,535 ரூபாய். குறிப்பேட்டின்படி 140 மணி நேரம். அதில் வெள்ளி வேலை மட்டும் 61 மணி.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை என்று எழுதி வைத்திருப்பது அதிகம் இல்லை. குங்கிலியம் வேண்டாம். இரண்டு பாதிகளாகச் செய்தால், அதே தகட்டில் நறுக்கிய கீற்றையே நிரப்பாகக் கொண்டு எரிவாயுச் சுடரில் பற்றவைத்து, சாம்பலில் ஆறவைக்க வேண்டும். இணைப்புக் கோடு எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் விழுமாறு எழுத்தை முன்கூட்டியே அமைக்க வேண்டும். அதைவிட, ஒரே தகட்டில் எழுப்புவதையே நான் விரும்புகிறேன். 3 மி.மீ. தகட்டில் 38 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி, நடுவில் உள்ளங்கை அகலத்தைத் தொடாமல் விட்டு, விளிம்பிலிருந்து சுருக்கிக்கொண்டு வருகிறேன். இதுவரை மூன்று சுற்றுகள் முடிந்திருக்கின்றன. நேற்று அளந்தபோது உச்சியின் தடிமன் 2.9 மி.மீ. இருந்தது.